மொட்டை மாடி இல்லாதவர்களுக்கும் ஒரு விதி வேண்டும்

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஜன்னலில் சின்ன சோலார் பேனல் மாட்டி வீட்டு லைனில் சேர்க்க ஒரு விதி கேட்டு எழுதுகிறேன். சேலம் அம்மாபேட்டையில் இருபது வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். போன சித்திரையில் குகைப் பக்கம் ஒரு லைன் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஜன்னல் கம்பியில் ஒரு சோலார் பேனல், கீழே பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் சின்ன இன்வெர்ட்டர். அதிலிருந்து வரும் ஒயரின் இரண்டு முனையிலும் பின் வைத்த பிளக். "கரண்ட் போனா இதைச் சுவத்துல சொருகுங்க, வீடு பூரா எரியும்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். சொன்னது பலித்திருக்கும்! தொங்கிக்கொண்டிருந்த முனையில் டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. அதற்கு ஒரு முழம் கீழே குழந்தையின் பாய்.

இதைப் படித்துவிட்டு ஜன்னல் சோலாருக்கே மொத்தமாகத் தடை போட்டுவிடாதீர்கள். மத்திய அரசின் சூர்யா கர் திட்டத்தில் மாடியில் சோலார் போட 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது, ஆனால் அதற்குச் சொந்தமாக மாடி வேண்டும். வாடகைக்கு இருப்பவர் எங்கே போவார்? சிவதாபுரம், பனங்காடு பக்கம் போய்ப் பாருங்கள், வீட்டிலேயே உட்கார்ந்து கொலுசு வேலை செய்கிறார்கள். இங்கே அம்மாபேட்டையில் தறி. பகல் முழுக்க விளக்கும் ஃபேனும் ஓடும் வீடுகள் இவை. வெயிலில் வருகிற கரண்ட் அங்கேயே செலவாகிவிடும். 400 வாட் பேனல் நன்றாக வெயில் பட்டால் நாளுக்கு ஒன்றரை யூனிட் தரும்.

ஜெர்மனியில் சுவரில் சொருகும் சின்ன சோலாருக்கு, 2024 மே மாதத்திலிருந்து 800 வாட் இன்வெர்ட்டர் வரை ஆன்லைனில் பதிவு செய்தால் போதும். அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2025இல் 1,200 வாட் வரை அனுமதித்தது. ஆனால் அதே அளவை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவரச் சொல்ல மாட்டேன். 800 வாட் என்றால் மூன்றரை ஆம்பியர். மெயினிலிருந்து 16 ஆம்பியர் வருகிற ஒயரில் இதுவும் சேர்ந்தால் ஓடுவது பத்தொன்பதரை. லோடு கூடினால் தானாக விழும் சுவிட்சான எம்சிபிக்குத் தெரிவதோ 16 மட்டும். அது விழாது, ஒயர்தான் சூடாகும். லைன் வீடுகளில் இருக்கும் பழைய ஒயரை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன், கையில் பொடியாக உதிரும்.

அதனால் முதலில் 400 வாட் போதும். தனி லைன், தனி எம்சிபி, லைசென்ஸ் உள்ளவர் கையெழுத்து. லைன் கரண்ட் நின்றதும் தானாக நிற்காத இன்வெர்ட்டரை விற்கவே கூடாது. வீட்டிலிருந்து கம்பிக்குத் திரும்பிப் போகும் கரண்ட், டிரான்ஸ்ஃபார்மரை ஆஃப் செய்துவிட்டுக் கம்பம் ஏறும் லைன்மேனை அடிக்கும், அவரை நினைத்துச் சொல்கிறேன்.

அப்புறம் மீட்டர். வெளியே போகிற கரண்ட்டையும் செலவாகவே கணக்கு வைக்கும் மீட்டர்கள் உண்டு. மிஞ்சியதற்கு எங்களுக்குக் காசு வேண்டாம், ஆனால் அதற்கு எங்களிடம் பில் போடாதபடி மீட்டர் வேண்டும்.

அந்த இரட்டைப் பிளக் ஒயரை நான் திருப்பிக் கொடுக்கவில்லை, என் டூல்ஸ் பையில்தான் கிடக்கிறது. கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தால் சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
அம்மாபேட்டை வயர்மேன் ஒருவர்