மலிவுத் துணியைத் திட்டுவதற்கு முன் உள்தையலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

துணிக் குப்பை பற்றிச் சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, பாலியஸ்டர் என்பது பெட்ரோலியத்திலிருந்து வருவது என்பதையெல்லாம் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் மலிவுக் கடைகளைத் தவிர்த்து, விலை கூடினாலும் ஆர்கானிக் பருத்தி வாங்குங்கள் என்று முடித்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வடசென்னை வண்ணாரப்பேட்டையில், மலிவுத் துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் மெஷின் போட்டு ஆல்டரேஷன் செய்து பிழைக்கிறவள் நான். அந்த மலிவுத் துணிகள்தான் தினமும் என் கைக்கு வருகின்றன.

எம்.சி. ரோட்டில் யார் வாங்குகிறார்கள்? காசிமேட்டிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் என்று பண்டிகைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற குடும்பங்கள். பேரம் பேசி வாங்கிய சுடிதாரை முதலில் விசேஷத்துக்குப் போடுவார்கள். அப்புறம் வேலைக்கு, அப்புறம் வீட்டுக்கு. கடைசியில் அது அடுப்படியில் கரித்துணியாகும். இவர்களைப் பார்த்துக் குறைவாக வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. போனில் வாரம் ஒரு பார்சல் வரவழைத்து, ஒரு ரீல்ஸ் எடுத்ததும் மூலையில் போடுகிறவர்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள், அண்ணா நகரிலும் இருக்கிறார்கள். அந்த அறிவுரை அவர்களுக்கு.

கட்டுரை தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. இப்போது வரும் ரெடிமேட் துணியைப் பிரித்துத் தைக்க வழியே இல்லை. பக்கவாட்டில் கொஞ்சம் லூஸ் பண்ணித் தாங்க அக்கா என்று குர்த்தியைக் கொண்டுவருவார்கள். உள்ளே திருப்பிப் பார்த்தால் தையலை ஒட்டியே துணியை வெட்டி, ஓரம் பிரியாமலிருக்க ஓவர்லாக் அடித்து முடித்திருப்பார்கள். விடுவதற்குக் கால் இன்ச் துணிகூட இருக்காது. மெல்லிய ரேயானாக இருந்தால் இன்னும் மோசம். பழைய தையலைப் பிரித்தால் ஊசி போன ஓட்டையெல்லாம் தெரியும், கொஞ்சம் இழுத்துத் தைத்தால் நூல் விலகிப் பல்லிளிக்கும். துணியை மிச்சம் பிடிக்கத்தான் இப்படி வெட்டுகிறார்கள். ஒரு பீஸில் மிச்சம் கொஞ்சம்தான், லட்சக்கணக்கான பீஸில் அது பெரிய பணம். ஆனால் போட்டுக்கொள்கிறவருக்கு உடம்பு ஒரு சுற்று கூடினால் அந்தத் துணியின் கதை முடிந்தது. பாவாடை சட்டைக்கு உள்ளே இரண்டு மடிப்பு வைத்துத் தைத்து, பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்ட காலத்தில் யாரும் அதற்கு சஸ்டெய்னபிள் என்று பெயர் வைக்கவில்லை.

விலை கூடினால் தைத்தவளுக்குக் கூலி கூடும் என்பதும் நிச்சயமில்லை. 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்களே, அங்கே தைக்கப்பட்டதில் பெயர் பெற்ற ஐரோப்பிய பிராண்டுகளின் துணியும் உண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் திண்டுக்கல் பக்கம் ஓர் ஏற்றுமதி ஆலையில் வேலை செய்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். பாலியல் தொல்லையைத் தடுக்கத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்ற ஒன்று 2022-ல் வந்தது அதற்குப் பிறகுதான். பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் போராடி, எச் அண்ட் எம் போன்ற பெரிய பிராண்டுகளையும் அதில் கையெழுத்திட வைத்தது. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் 1918-லேயே சங்கம் கட்டிய ஊர் இது. சங்கத் தலைவர்கள் வாடியாவும் திரு.வி.க.வும் வந்து நின்ற இடம். அதனால் சொல்கிறேன், கடையில் விலைச் சீட்டைப் பார்ப்பதைவிட, தைக்கிற இடத்தில் சங்கம் இருக்கிறதா என்று பிராண்டுகளிடம் உங்களைப் போன்ற பத்திரிகைகள் கேட்டால் பயன் உண்டு.

தானம் கொடுங்கள் என்றும் கட்டுரையில் ஒரு யோசனை இருந்தது. வடசென்னையில் வெள்ளம் வரும்போதெல்லாம் மூட்டை மூட்டையாகப் பழைய துணி வரும். ஜிப் போனது, அக்குள் கிழிந்தது, கறை பிடித்தது எல்லாம் அதில் இருக்கும். நல்லதை எடுத்துக்கொண்டு மீதியைத் தெருவோரம் போட்டுவிடுவார்கள், வேறென்ன செய்வார்கள்? பாத்திரத்துக்குத் துணி வாங்குகிறவரும் இப்போது தொட்டுப் பார்த்துவிட்டு இது வேண்டாம்மா என்கிறார். மெக்கானிக் ஷெட்டில் கை துடைக்கக்கூடப் பருத்திதான் கேட்கிறார்கள். யாருக்கும் வேண்டாதது கடைசியில் கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் போகிறது. நகரம் கழித்துப்போட்டதை எங்கள் பக்கத்தில் கொண்டுவந்து கொட்டியது போதாதென்று, அங்கே எரிஉலையும் வேண்டும் என்கிறார்கள். மக்கள் வேண்டாம் என்று போராடிக்கொண்டிருக்கிறார்கள். பாலியஸ்டரை எரித்தால் வரும் புகை யார் மூக்குக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, என்னதான் செய்வது? வாங்கும்போது துணியை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தையலுக்கு வெளியே அரை இன்ச்சாவது துணி இருக்கிறதா, இரண்டு விரலால் தையலை இழுத்தால் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை, எம்.சி. ரோட்டிலும் பார்க்கலாம், மாலிலும் பார்க்கலாம். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். பிளவுஸ் தைக்கக் கொடுத்தால் உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அப்படியே எங்களைப் போன்றவர்களிடம் ஜிப் மாற்றும் கூலிக்குப் பேரம் பேசுவதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். புது பேன்ட்டே முந்நூறுக்குக் கிடைக்கிறது என்று சொல்லித்தான் பேரத்தையே தொடங்குகிறார்கள்.

கட்டுரை எழுதியவரை ஒருமுறை எங்கள் தெருவுக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த கட்டுரைக்கு வேண்டியதைக் கடைக்காரர்களும் டெய்லர்களுமே சொல்வார்கள். தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்கு முன் வரச் சொல்லுங்கள், அப்புறம் வந்தால் யாருக்கும் பேச நேரமிருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21