கடைசி பெஞ்சுக்கும் வசனம் புரியட்டும்: நம் ஊர்ச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் போதகர்களுக்கும் ஆலயக் கமிட்டியாருக்கும்,

ஸ்தோத்திரம். பிரசங்கம் புரியவில்லை என்று முதியவர்கள் சொல்வதும், உடனே இன்னும் பெரிய ஸ்பீக்கர் வாங்கத் தீர்மானிப்பதும் எல்லாச் சபைகளிலும் நடக்கிறது. இப்போது மறுபடியும் அதற்குக் காணிக்கை திரட்டுகிறீர்கள். தயவுசெய்து பொறுங்கள். சத்தம் போதாமல் அவர்கள் தவிக்கவில்லை. அவர்களுக்குச் சொல் பிரியவில்லை.

வயதாகும்போது முதலில் மங்குவது உயர் சுருதி ஒலிகள். ச, த, ப போன்ற மெய்யெழுத்துகளைப் பிரித்துக்காட்டும் ஒலி பெரிதும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வுகள்) வரை இருக்கிறது. அதுவும் மெலிந்தே வரும். உயிரொலிகளோ பலமானவை. உயர்ந்த கூரையும் வெறுஞ்சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள ஆலயத்தில் ஓர் உயிரொலியின் எதிரொலி அடங்குமுன் அடுத்த மெய் வந்து அதனடியில் புதைகிறது. 'பாவம்', 'சாபம்', 'பாரம்' மூன்றும் அந்தப் பெரியவர் காதில் ஒன்றேதான். வால்யூமைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே ஏறும். "முன்னால் வந்து உட்காருங்கள் ஐயா" என்கிறோம். அங்கே டிரம்ஸ் இருக்கிறது. ஆராதனை முழுவதும் ஒரு வசனமும் விளங்காமல் உட்கார்ந்திருந்து, ஆயரிடம் கைகொடுத்துவிட்டுப் போகிறார்கள். விசுவாசம் கேள்வியினால், அதாவது கேட்பதனால், வரும் என்று அவர்களுக்குத்தான் பிரசங்கிக்கிறோம்.

முதலில் செலவில்லாத வேலைகளைச் செய்யுங்கள். பேசும் மைக்கில் எக்கோ எஃபெக்டை அறவே நிறுத்துங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் போதும். பிரசங்க நேரத்தில் பாடகர் குழுவின் மைக்குகளை மூடுங்கள். திறந்த மைக் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஸ்பீக்கர் ஊளையிடாமல் ஏற்றக்கூடிய ஒலி 3 டெசிபல் குறையும்.

பிறகு, முன்னால் இரண்டு பெரிய பெட்டிகளை வைப்பதற்குப் பதில், தூண்களில் சிறிய 'காலம்' (column: நெட்டுக்குத்தான ஒடுங்கிய பெட்டி) ஸ்பீக்கர்களை மாட்டி ஆட்களை நோக்கித் திருப்புங்கள். கூரையைப் பார்த்து அல்ல. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். 20 மீட்டர் பின்னால் உள்ள ஸ்பீக்கருக்குச் சுமார் 60 மில்லிசெகண்ட் தாமதம் வைக்காவிட்டால் ஒரே சொல் இருமுறை கேட்கும்.

காதுக்கருவி அணிந்தவர்களுக்கு இன்டக்‌ஷன் லூப் வேண்டும்: மைக்கின் குரலைக் காந்தப் புலமாகக் கருவிக்கு அனுப்பும் ஒயர் வளையம் அது. பெஞ்சுகளைச் சுற்றி ஒரு ஒயர், அதற்கென உள்ள லூப் ஆம்ப்ளிஃபயர், அவ்வளவே. கருவியை 'டி' நிலையில் (அந்தப் புலத்தை வாங்கும் டெலிகாயில் என்ற சுருள் இயங்கும் நிலை) வைத்தால் எதிரொலி கலக்காமல் மைக்கின் குரல் நேரே காதுக்குப் போகும். லூப் ஒயரைச் சாதாரண ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரில் இணைக்காதீர்கள். தரைக் கான்கிரீட்டின் கம்பிகள் காந்தப் புலத்தைக் குறைக்கும், அருகிலுள்ள மின்கம்பிகள் இரைச்சல் தரும். எனவே தற்காலிகமாக ஒயரை விரித்துச் சோதித்த பின்பே பதியுங்கள். டெலிகாயில் இல்லாத கருவிகளும் உண்டு. சபையாரிடம் முதலில் விசாரியுங்கள்.

கோபுரத்துக் குழாய் ஸ்பீக்கருக்குப் பணம் எப்படியோ கிடைக்கிறது. வெளியே தெரு முழுக்கக் கேட்கும் வசனம் உள்ளே பெஞ்சில் இருப்பவருக்குப் புரியாதது எந்த நியாயம்? எந்தச் சபையும் இதற்கு விலக்கல்ல. கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேண்டுகோள் இதுதான்: ஸ்பீக்கருக்கு முன்பணம் கொடுக்குமுன், ஆட்கள் நிறைந்த ஆராதனையில், கடைசி பெஞ்சில் ஒரு முதியவரை உட்காரவைத்து, அவருக்கு முன்கூட்டித் தெரியாத ஒரு வேதபாடத்தை வாசியுங்கள். அதில் வந்த ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் அவரிடம் கேளுங்கள். அவருடைய பதிலை அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் முதல் பொருளாக வையுங்கள்.

இப்படிக்கு,
ஒலியமைப்பு வேலை செய்யும் சபையார்