தாது வருஷத்தில் தானியம் எங்கே இருந்தது?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. சென்ற வாரம் தொலைபேசியில், 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, மழை பெய்யவில்லை, விளையவில்லை, மக்கள் மாண்டார்கள், அதற்கு யார் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டு முடித்துவிட்டாய். அதற்கு மறுமொழி நீளும் என்பதால் எழுதுகிறேன். தானியக் கிடங்கில் கணக்கெழுதியே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். ஓர் ஊரில் பசி என்றால், வானத்தைப் பார்ப்பதற்கு முன் மூட்டை யார் பொறுப்பில் இருக்கிறது என்றுதான் கேட்கத் தோன்றும்.

மழை பொய்த்தது உண்மைதான். 1876-இல் பருவமழை தவறியது. மறு ஆண்டுக் கோடையிலும் ஏமாற்றியது. பசிபிக் பெருங்கடல் வழக்கத்துக்கு மீறிச் சூடேறியிருந்த அந்த ஆண்டுகளில் வட சீனத்திலும் பிரேசிலின் வடகிழக்கிலும்கூட மக்கள் பட்டினியால் கூட்டங்கூட்டமாக மாண்டனர். ஆனால் நம் சேலத்துக்கு 1860-களிலேயே ரயில் வந்துவிட்டது. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் அரிசி கப்பல்களில் சென்னைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. விலை இரு மடங்கையும் தாண்டிப்போக, விளைச்சலோடு கூலியையும் இழந்த உழவுத் தொழிலாளியும், நூல் வாங்க வழியற்றுத் தறியை நிறுத்திய நெசவாளியும் கண்ணெதிரே இருந்த அரிசியை வாங்க முடியாமல் நின்றனர்.

சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் அரசு தானே தானியம் வாங்கி வைக்க முற்பட்டபோது, வணிகர்களின் தொழிலில் அரசு தலையிடலாகாது என்று வைஸ்ராய் லிட்டன் கடிந்துகொண்டார். அவருடைய கவனம் அப்போது 1877 ஜனவரி முதல் நாளில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க தில்லியில் கூட்டிய தர்பாரில் இருந்தது. பஞ்ச காலத்திலேயே சுமார் 3,20,000 டன் கோதுமை இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது. அது வடக்கே விளைந்த கோதுமை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆயினும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்த தானியம்தானே?

செலவைக் குறைக்கும்படி லிட்டன் சென்னைக்கு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிளின் செயல்தான் எனக்கு இன்றுவரை ஆறாதது. இதே டெம்பிள், 1873-74-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்து, சாவு மிகக் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டவர். அதற்காகப் பாராட்டுப் பெற்றிருக்க வேண்டியவரைப் பணத்தை வாரி இறைத்தார் என்று தூற்றினார்கள். பாடம் கற்றுக்கொண்ட மனிதராகத் தெற்கே வந்தவர், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று விதித்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதனினும் குறைவு. நாள் முழுதும் வெயிலில் மண்வெட்டி பிடிப்பவனுக்கு அது போதாது என்று கணக்குக் காட்டி எதிர்த்தவர் சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். அவர் ஒன்றரைப் பவுண்டு தானியத்தோடு பருப்பும் காய்கறியும் கேட்டார். வாதாடி வாதாடி, 1877-லேயே சுமார் 570 கிராம் தானியமும் சிறிது பருப்பும் என்று உயர்த்த வைத்தார்கள். கேட்ட உயர்வில் பாதிதான் கிடைத்தது, அதுவும் பலருக்குக் காலங்கடந்து.

நீ அன்றாடம் ஏறும் திருமயிலைப் பறக்கும் ரயில் நிலையத்தை ஒட்டி, சாக்கடையாகிவிட்டது என்று நீ மூக்கைப் பொத்திக்கொள்ளும் பக்கிங்காம் கால்வாயில், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு 1877-78-இல் இத்தகைய நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டதுதான். ஆளுநரின் பெயர் கால்வாய்க்குக் கிடைத்தது. தோண்டியவர்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

மாண்டோர் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் 55 இலட்சத்திலிருந்து ஒரு கோடி வரை வேறுபடுகின்றன. சேலம் மாவட்டத்தில் 1871-இல் எண்ணிய மக்களைவிட 1881-இல் எண்ணியவர்கள் குறைவு. பத்தாண்டில் பெருகியிருக்க வேண்டிய மாவட்டம் சுருங்கிப்போனது; செத்தவர்கள் போக, இலங்கையின் காப்பித் தோட்டங்களை நோக்கி நடந்தவர்களும் தென் மாவட்டங்களில் ஏராளம்.

பிறகு ஆணையம் அமைத்தார்கள்; 1880-இல் அறிக்கை வந்தது; 1883-இல் பஞ்ச விதிகள் வகுக்கப்பட்டன. எந்தக் கட்டத்தில் வேலை திறக்க வேண்டும், யாருக்கு இலவசமாகச் சோறிட வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. நல்ல விதிகள்தாம், ஒரு கிடங்குக்காரனாக அவற்றின் ஒழுங்கை நான் மெச்சுகிறேன். விலையையும் ஏற்றுமதியையும் மட்டும் தொடாமல் விட்டார்கள். 1896-97-இல் மழை தவறியது. 1899-1900-இல் மறுபடி தவறியது. இரண்டு முறையும் இந்தியாவில் மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டார்கள். யார் என்ன செய்திருக்க முடியும் என்று நீ கேட்டாயே, பீகாரில் ஒருமுறை செய்தே காட்டியிருந்தார்கள் கண்ணு.

அன்புடன்,
அப்பா