ஜெபக் குறிப்புச் சீட்டும் சபையின் கடமையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்சபைகள் சமூகப் பணியில் ஈடுபடுவது குறித்துத் தங்கள் இதழில் வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்துவருகிறேன். ஆன்ம மீட்பைப் பேச வேண்டிய சபை பசியையும் கடனையும் பேசத் தொடங்கினால் ஜெபம் தேய்ந்துவிடும் என்று ஒரு சாரார் அஞ்சுகிறார்கள். ஜெபித்துக்கொண்டே இருப்பவர்களால் ஏழைக்கு என்ன பயன் என்று மறுசாரார் கேட்கிறார்கள். இரு சாராருமே இவற்றைத் தனித்தனி வேலைகளாக எண்ணுவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

எங்கள் சபையில் ஜெபக் குறிப்புகளைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடும் வழக்கம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவற்றை வாசிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நோட்டுத்தாளின் ஓரத்தைக் கிழித்து எழுதிய ஒரு சீட்டில், மூன்று மாத வாடகை பாக்கி, வீட்டைக் காலிசெய்யச் சொல்கிறார்கள், ஜெபியுங்கள் என்று இருந்தது. கீழே பெயரும் இருந்தது. நான் வாசித்தேன், எல்லோரும் ஆமென் சொன்னோம், அடுத்த சீட்டை எடுத்தேன். அந்தக் குடும்பம் வீட்டைவிட்டுப் போய்விட்டது என்பது ஒரு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அன்று எங்களிடம் ஜெபத்திற்குக் குறைவில்லை. ஆராதனை முடிந்தபின் சீட்டு எழுதியவரருகே போய், எவ்வளவு பாக்கி என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சீட்டை வாசித்த எனக்கே தோன்றவில்லை.

தொடக்ககாலச் சபை இப்படி இருக்கவில்லை. அன்றாட விசாரிப்பில் தங்கள் விதவைகள் கைவிடப்படுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் முறையிட்டபோது, பந்தி விசாரிப்பதற்கென்று ஏழு பேரைத் தெரிந்துகொண்டதை அப்போஸ்தலர் நடபடிகளின் 6ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்த ஏழு பேரிடமும் எதிர்பார்க்கப்பட்ட தகுதியை நாம் கவனிப்பதில்லை. உணவைப் பங்கிடும் வேலைக்குப் பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களையே தேடினார்கள். பின்னாளில் இரத்தசாட்சியான ஜஸ்டின், ஏறத்தாழ கி.பி. 155இல் ரோமாபுரியில் எழுதிய விளக்கத்திலும், ஞாயிறு வழிபாட்டில் சேர்ந்த காணிக்கை அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டோர், அந்நியர் ஆகியோருக்குச் சென்றதாகக் காண்கிறோம்.

இந்தப் பிணைப்பை மிகத் தெளிவாகக் காட்டுவது 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்தது என்பேன். மெதடிஸ்டுகளின் கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி தரலாம் என்று ஒருவர் யோசனை கூறினார். சிலரால் அதுவும் இயலாதே என்ற மறுப்பு எழுந்தபோது, மிகவும் ஏழைகளான பதினொருவரைத் தம் பொறுப்பில் விடும்படியும், அவர்களால் தர முடியாததைத் தாமே தருவதாகவும் அவர் சொன்னார். பென்னி வாங்க வாரந்தோறும் வீடுவீடாகப் போனவர்கள், அங்கே ஒவ்வொருவரும் வாழ்ந்த விதத்தை நேரில் கண்டார்கள். மெதடிஸ்டு இயக்கத் தலைவர் ஜான் வெஸ்லி அதன் பயனை உணர்ந்து, பன்னிரண்டு பேர் அளவிலான வகுப்புக் கூட்டங்களாக அதை வளர்த்தார். கடனடைக்கத் தொடங்கிய ஏற்பாடு இப்படி ஆன்ம விசாரிப்பாக மாறியது. அதே வெஸ்லிதான், 1791இல் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடும்படி பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸுக்கு ஊக்கமளித்துக் கடிதம் எழுதினார்.

உதவியோடு நிற்காமல் அநீதியை எதிர்க்கவும் வேண்டுமா என்று கேட்போருக்கு அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரை நினைவூட்டுகிறேன். பேருந்துகளில் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்காரவைத்ததை எதிர்த்து அங்கு 1955 டிசம்பரில் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. பாட்டும் ஜெபமுமாக ஆலயங்களில் கூடிய கறுப்பின மக்கள், வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லத் தங்கள் சபைகளின் பெயரிலேயே வண்டிகளைப் பதிவுசெய்து ஓட்டினார்கள்.

1974இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கூடிய பல நாட்டுச் சுவிசேஷகர்களும் தங்கள் உடன்படிக்கையின் ஐந்தாம் பகுதியில், நற்செய்திப் பணியையும் சமூக அக்கறையையும் ஒன்றுக்கொன்று எதிரானவையாகச் சில வேளைகளில் கருதியதற்காக மனம் வருந்தினார்கள். சமூகப் பணியே நற்செய்திப் பணி ஆகிவிடாது என்றும் அவர்கள் அதே இடத்தில் எழுதினார்கள். அந்த நிதானம் நமக்கும் வேண்டும்.

உதவியைத் தூண்டில் இரையாக்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனுடைய காயங்களைக் கட்டிய சமாரியன் அவன் எந்த மதத்தான் என்று விசாரிக்கவில்லை. கணக்கும் வெளிப்படையாக இருக்க வேண்டும். எருசலேமின் ஏழைகளுக்கான பணத்தைக் கொண்டுசெல்லும்போது பவுல்கூடத் தம்மை யாரும் குற்றம் சொல்லாதபடி வேறு சிலரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்.

இப்போது எங்கள் சபையில், ஒரு சீட்டை வாசித்தவரே மூப்பர் ஒருவருடன் அந்த வாரத்திற்குள் எழுதியவரின் வீட்டிற்குப் போய்வருகிறார். பல வீடுகளில் எங்களால் பணமாக ஒன்றும் செய்ய முடிவதில்லை; உட்கார்ந்து கேட்டுவிட்டு, அங்கேயே ஜெபித்துவிட்டு, மருத்துவமனைக்கோ அரசு அலுவலகத்திற்கோ மறுநாள் கூட வருவதாகச் சொல்லித் திரும்புகிறோம். இதற்கெனக் காணிக்கையில் ஒரு பங்கை நிரந்தரமாக ஒதுக்கும் தீர்மானத்தை வரும் ஆண்டுக் கூட்டத்தில் முன்மொழிய இருக்கிறேன். இத்தகைய ஏற்பாட்டைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் சபையார், உதவி பெறுகிறவர்களின் மானத்தைக் காத்துக் கணக்கு வைப்பது எப்படி என்று இவ்விதழில் எழுதினால் எங்களுக்குப் பெரிதும் துணையாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்