சிறுத்தையைத் தேட நாயை அவிழ்த்து விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024 ஏப்ரலில் மயிலாடுதுறை செம்மங்குளம் பக்கம் ஒரு சிறுத்தை கேமராவில் தெரிந்ததும், கூண்டு வைத்து கேமரா கட்டித் தேடியும் சிக்காமல் கடைசியில் அது அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் தென்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அன்றிலிருந்து எங்கள் பக்கம் சேற்றில் எந்தத் தடத்தைப் பார்த்தாலும் சிறுத்தைதான். போன வாரமும் வாய்க்கால் ஓரம் அப்படி ஒன்று. குனிந்து பார்த்தேன், நான்கு விரலுக்கு முன்னாலும் நகம் குத்தியிருந்தது. பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆகவே அது ஏதோ பெரிய நாய். ஆனால் நான் போய்ச் சேர்வதற்குள் நாலைந்து பையன்கள் கன்னி, சிப்பிப்பாறை நாய்களை அவிழ்த்துக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் போய்விட்டார்கள்.

நிஜமாகவே சிறுத்தை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த நாய்கள் கண்ணால் பார்த்துத் துரத்துகிறவை, வெட்டவெளியில் முயல் பின்னால் ஓடவே வளர்த்த இனம். சிறுத்தை ஓடாது, புதரில் பதுங்கும். அதற்கு நாய் என்றால் தீனி. அடிபட்ட நாய் திரும்பி ஓடி வருவது நம் காலடிக்குத்தான், பின்னாலேயே சிறுத்தையும் வரும்.

சரி, நாயே வேண்டாமா என்றால், வேண்டும். 2021-ல் மசினகுடியில் டி-23 புலியைத் தேடியபோது கும்கிகளோடு மோப்ப நாய்களையும் இறக்கினார்கள், அக்டோபர் 15-ஆம் தேதி அதை உயிரோடு பிடித்தார்கள். ஜெர்மனியில் காயம்பட்டு ஓடிய மானைத் தேட டேஷண்ட் என்கிற குட்டைக்கால் நாயை நீளக் கயிற்றில் கட்டி விடுகிறார்கள். மூக்கு தரையை ஒட்டியே இருக்கும், நம் நடை வேகத்துக்கு மேல் போகாது, முள் புதருக்குக் கீழேயும் நுழைந்துவிடும். மூங்கிலும் நாணலும் கருவேலமும் மண்டிய நம் ஆற்றுப் படுகைக்கு அப்படிப்பட்ட நாய்தான் தோது.

எங்கள் வீட்டிலும் ஒரு குட்டை நாட்டு நாய் இருக்கிறது. அறுவடைக்குப் பிறகு எலிக்குக் கிட்டி வைக்கப் போகும்போது கூட வரும். ஒருநாள் கீரி போன தடத்தைப் பிடித்தது, வாய்க்கால் தண்ணீரில் விட்டுவிட்டது. குரைக்கவில்லை, அலையவில்லை. அக்கரைக்கு நீந்திப் போய்க் கரையோரமாகவே முகர்ந்துகொண்டு வந்து, இருபது அடி தள்ளி மறுபடி பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. விடியற்காலை, பனி ஈரம் இருந்தது. ஏப்ரல் மாத மத்தியான வெயிலில் எந்த நாயாலும் அவ்வளவு முடியாது, வாசனை சீக்கிரமே போய்விடும்.

வனத்துறையிடம் நான் கேட்பது, அடுத்த முறை தகவல் வந்த அன்றைக்கே, விடியுமுன், பழக்கிய மோப்ப நாயைக் கயிற்றோடு கொண்டு வாருங்கள். ஊர்க்கூட்டம் மிதித்துக் கலைத்த பிறகு அந்தத் தடத்தை எந்த மூக்காலும் பிரிக்க முடியாது. அப்புறம், அந்த நாய்க்கு டிஸ்டெம்பர் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். 2018-ல் கிர் காட்டில் சிங்கங்கள் செத்ததில் அந்த வைரஸுக்கும் பங்கு உண்டு. நாயிடமிருந்து பூனை இனத்துக்குத் தொற்றுகிற நோய் அது.

தம்பிகளே, சிறுத்தை என்று பேச்சு வந்தால் உங்கள் நாயை வீட்டுக்குள் கட்டிப் போடுங்கள், இரவில் முக்கியமாக.

– ஒரு விவசாயி, குத்தாலம்