பாகத்தை மாற்றலாம், பொம்மையை வெட்டக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மோட்டார் வைத்த பழைய பொம்மைகளைச் சேகரிப்பவர்களிடையே பிடிவாதமான இரண்டு கட்சிகள் உண்டு. தொழிற்சாலையில் முடுக்கிய திருகு ஒன்றைக்கூடத் தொடக் கூடாது, ஓடாவிட்டாலும் அப்படியே அலமாரியில் இருக்கட்டும் என்பது ஒரு கட்சி. ஓடினால் போதும், அதற்காக அடிப்பாகத்தை அறுத்தாலும் துளையிட்டாலும் பாதகமில்லை என்பது மறு கட்சி. இந்த இரண்டுக்கும் நடுவில் நல்ல பொம்மைகள் பல அநியாயமாக வீணாகின்றன என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். தேய்ந்துபோகும் பாகத்தை மாற்றுவது பழைய பொம்மைக்குச் செய்யும் துரோகம் அன்று; முன்னிருந்த நிலைக்குத் திரும்பவே முடியாதபடி அதை வெட்டுவதுதான் துரோகம்.

ஓடவில்லை என்று ஒதுக்கப்பட்டு என் கைக்கு வரும் பொம்மைகளில் மோட்டார் உண்மையிலேயே எரிந்துபோனவை குறைவு. மோட்டாரின் தண்டில் அழுத்திச் செருகியிருக்கும் சிறு பிளாஸ்டிக் பல்சக்கரம், அதாவது பினியன், கீறல் விட்டிருப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். தண்டைவிடச் சற்றே சிறிய துளையில் இறுக்கமாக ஏற்றப்படுவதால் அந்தப் பிளாஸ்டிக் ஆண்டுக்கணக்கில் இழுவிசையைத் தாங்கிக்கொண்டே இருக்கிறது. வயதாகிச் சுருங்கி நொறுங்கும் தன்மை வந்ததும், இரண்டு பற்களுக்கு நடுவே மிக மெல்லிய இடத்தில் நீளவாக்கில் பிளந்துவிடுகிறது. இதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். பிளந்த இடத்தில் மட்டும் பல்லிடைவெளி அகன்றுவிடுவதால், பினியன் ஒவ்வொரு சுற்றுக்கும் எதிர்ச் சக்கரத்தின் பல்லில் ஏறி விழுந்து ‘டக், டக்’ என்று ஒலிக்கும். பிளவு முற்றினால் பினியன் தண்டிலேயே வழுக்கி, மோட்டார் மட்டும் உள்ளே சுழல, வெளிச்சக்கரம் அசையாமல் நிற்கும். மோட்டார் போய்விட்டது என்று இதைக் கேட்டு முடிவுகட்டுபவர்களும், சூப்பர் கிளூ வைத்து ஒட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. அகன்ற இடைவெளி ஒட்டிய பின்னும் அகன்றேதான் இருக்கும். பசை தண்டின் வழியே மோட்டாருக்குள் இறங்கினால் நன்றாக இருந்த மோட்டாரும் இறுகிவிடும்.

மாற்றுப் பினியன் வாங்கத் தேவையானவை மூன்றே விவரங்கள்: பற்களின் எண்ணிக்கை, தண்டின் விட்டம், பல்லின் அளவைக் குறிக்கும் மாட்யூல். பற்களை எண்ணிவிடலாம். தண்டை வெர்னியர் காலிப்பரால் அளந்துவிடலாம். சிறு பொம்மை மோட்டார்களில் அது பெரும்பாலும் 2 மி.மீ. இருக்கும். மாட்யூலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பினியனோடு இணையும் பெரிய சக்கரத்தின் வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதன் பற்களின் எண்ணிக்கையோடு 2 கூட்டி வரும் தொகையால் வகுத்தால் மாட்யூல் கிடைக்கும். 40 பற்களும் 21 மி.மீ. விட்டமும் உடைய சக்கரம் என்றால், 21ஐ 42ஆல் வகுக்க 0.5. பிளந்துபோன பினியனை அளப்பதைவிட, முழுதாக இருக்கும் பெரிய சக்கரத்தை அளப்பதே நம்பகமானது. இந்த 0.5 மாட்யூல் சக்கரத்தில் ஒரு பல்லின் தடிமன் ஏறக்குறைய 0.8 மி.மீ.தான், வீட்டில் பயன்படும் முப்பரிமாண அச்சுப்பொறிகளில் வழக்கமாக உள்ள 0.4 மி.மீ. முனை அந்தப் பல்லை இரண்டே இழைகளில் வரைந்தாக வேண்டும், அப்படி வரும் பல் பாரம் தாங்காது. தொலைந்துபோன பேட்டரி மூடிக்கும் உடைந்த பம்பருக்கும் அந்த அச்சுப்பொறி பெரிய வரம். சிறு பினியனை மட்டும் வார்ப்பில் செய்ததாகவே வாங்க வேண்டும்.

பித்தளைப் பினியன் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எதிர்ச் சக்கரம் நைலானாக இருந்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் எல்லாச் சக்கரங்களையும் உலோகமாக்கிவிட வேண்டாம். பொம்மை சுவரில் முட்டி நிற்கும்போது எங்கேயாவது ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். பல் விட்டுக்கொடுக்காவிட்டால், நின்றுபோன மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்துத் தன் சுருளைக் கருக்கிக்கொள்ளும்.

அத்தனை பழைய பொம்மைக்குப் பாகம் எங்கே கிடைக்கும் என்ற ஐயம் நியாயமானது. கிடைக்கிறது; அந்நாளைய தயாரிப்பாளர்களில் சிலர் பொது அளவுகளை மதித்ததுதான் காரணம். ஜப்பானில் 1954இல் தொடங்கப்பட்ட மபுச்சி நிறுவனத்தின் சிறு மோட்டார்கள் வேறு பல நிறுவனங்களின் பொம்மைகளுக்குள் புகுந்தன. ஏறக்குறைய 20 மி.மீ. அகலம், 15 மி.மீ. தடிமன், 25 மி.மீ. நீளம் கொண்ட அதன் 130 வகை, பொம்மைகளுக்கே உரிய பொது அளவாகிவிட்டது. தமியா நிறுவனம் 1982இல் கொண்டுவந்த மினி ஃபோர் வீல் டிரைவ் கார்கள் அந்த உருவ மோட்டாரையே ஏற்றதால், அக்காலக் காருக்கு இன்றும் புது மோட்டார் வாங்கிப் பொருத்த முடிகிறது. டோமி நிறுவனம் 1959இல் வெளியிட்ட பிளாரெயில் ரயிலின் தண்டவாள அளவு இன்றுவரை மாறவில்லை. இதற்கு நேர்மாறாக, மேட்டல் நிறுவனம் 1970இல் வெளியிட்ட சிஸ்லர்ஸ் கார்களில், மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் காட்மியம் செல் உள்ளேயே அடைத்து வைக்கப்பட்டிருந்தது. செல் செத்ததும் காரும் செத்தது. அவற்றை இன்று ஓடவைப்பவர்கள் தாமே பிரித்து, அதே 1.2 வோல்ட் தரும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லைப் பொருத்திக்கொள்கிறார்கள். சேகரிப்பாளர்கள் அந்த வேலையைக் குறையாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓடுவதற்கென்றே பிறந்த கார் அது.

அடுத்த எதிரி, கசிந்த பேட்டரி. பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த தகடுகளைக் கண்டதும் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கக் கூடாது. நிக்கல் பூச்சு போய்விட்டால் அடியில் உள்ள இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். அல்கலைன் செல்லிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம் என்பதால், பஞ்சுக்குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைக்க வேண்டும். பழைய கார்பன் செல்லின் கசிவு அமிலத்தன்மை உடையது. அதற்குச் சமையல் சோடா கரைத்த நீர். எதுவானாலும் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்பும் அவசியம்.

இனி, பொம்மையைத் தம் விருப்பப்படி மாற்றியமைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேகமான மோட்டாரும் எல்இடி விளக்கும் தொலைஇயக்கியும் பொருத்தும் ஆசையை நான் குறைசொல்லவில்லை. அதில் மிகுந்த கைத்திறன் இருக்கிறது. ஆனால் ஏஏ செல்லின் அதே உருவில் விற்கும் 14500 என்ற லித்தியம் செல்லை, அளவு பொருந்துகிறதே என்று பழைய பொம்மையில் போட்டுவிடுவதைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. அதன் மின்னழுத்தம் 1.5 அன்று, 3.7 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2. இரண்டு செல்லில் 3 வோல்ட்டுக்கு ஓடிய பொம்மைக்கு 8.4 வோல்ட் போகிறது. பொம்மை பாய்ந்து ஓடுவதைக் கண்டு மகிழும்போதே மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரத்தைக் கடத்தும் தொடுமுனைகளான பிரஷ்கள் கருகத் தொடங்கும், மெல்லிய தகடுகள் சூடேறி அவற்றைப் பிடித்திருக்கும் பழைய பிளாஸ்டிக் இளகும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

எதைச் சேர்த்தாலும், ஏற்கெனவே உள்ள துளைகளிலும் திருகுகளிலும் நிற்கும்படி சேர்க்க வேண்டும் என்பதே என் நிலை. புது மோட்டாருக்கு இடம் போதவில்லையென்றால் அடிப்பாகத்தை அறுப்பதைவிட, அதன்மேல் அமரும் தாங்கி ஒன்றைச் செய்துகொள்ளலாம். பழைய வயரை நறுக்காமல், பற்றவைத்த இடத்தில் கழற்றி அப்படியே எடுத்து வைக்கலாம். கழற்றிய பாகம் உடைந்ததானாலும், எந்தப் பொம்மையுடையது என்று எழுதிய உறையிலிட்டுப் பொம்மையோடு வைத்திருப்பது நல்லது, ஏனெனில் அடுத்தவர் சரியான மாற்றுப் பாகத்தைச் செய்ய அந்த உடைசல்தான் ஆதாரம். அல்நிகோ என்னும் உலோகக் கலவைக் காந்தம் உள்ள பழைய பொம்மை ரயில் எஞ்சின்களில், மோட்டாரின் சுழலும் பாகமான சுழலியை வெளியே எடுக்கும்போது, காந்தத்தின் இரு முனைகளையும் இணைக்கும்படி ஓர் இரும்புத் துண்டை வைக்காவிட்டால் காந்தம் வலுவிழக்கும். தகரப் பொம்மைக்குப் புதுப் பெயின்ட் அடிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அச்சிட்ட அந்தப் பழைய வண்ணம் போனால் திரும்பாது. விற்கும்போது எது மாற்றுப் பாகம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவது நேர்மை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், அமெரிக்காவே நுகர்வோர் பெயின்டில் அதை 1978இல்தான் தடைசெய்தது என்பதால், ஓடவைத்ததும் மழலையின் கையில் கொடுத்துவிடவும் கூடாது.

இன்று விற்கும் பொம்மைகளும் ஒரு நாள் பழைய பொம்மைகள் ஆகும். பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய சட்டம், துணி துவைக்கும் இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, கைப்பேசி போன்றவற்றைப் பட்டியலிடுகிறது. பொம்மைகள் அப்பட்டியலில் இல்லை. சட்டம் வரும்வரை தயாரிப்பாளர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. மோட்டாரின் வகை, பினியனின் பற்கள், மாட்யூல், செல்லின் அளவு ஆகிய நான்கையும் பேட்டரி மூடியின் உட்புறத்தில் சிறிய எழுத்தில் வார்த்துவிடுவது அவர்களுக்குப் பெரிய செலவன்று. தயாரிப்பை நிறுத்திவிட்ட பொம்மைகளின் பாக வரைபடங்களைப் பூட்டி வைப்பதால் எவருக்கும் ஆதாயமும் இல்லை. அவற்றை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுமாறு தங்கள் நாளிதழின் வாயிலாகப் பொம்மைத் தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய பொம்மைகளைப் பழுதுபார்க்கும் வாசகர்