பரிசோதனை கணவருக்கும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறன்று மகளிர் பக்கத்தில் வெளியான, கருத்தரிப்பில் ஏற்படும் தாமதம் பற்றிய கட்டுரை, மன அழுத்தத்தையே முதன்மைக் காரணமாகக் காட்டி, மனத்தை லேசாக வைத்துக்கொண்டால் குழந்தை தானாகத் தங்கும் என்ற தொனியில் முடிந்திருந்தது. மருத்துவ ஆய்வகம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். நல்லெண்ணத்தில் சொல்லப்படும் இந்த அறிவுரை, ஏற்கெனவே நொந்திருக்கும் பெண்ணின் தலையில் இன்னொரு பழியையும் ஏற்றுகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

மன அழுத்தத்துக்கும் கருத்தரிப்புக்கும் தொடர்பே கிடையாது என்பது என் வாதமன்று. கடுமையான மனவேதனையோடு, உணவு குறைந்து உடல் மெலிவதும் அளவு மீறிய உடற்பயிற்சியும் சேரும்போது, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து கிளம்பி சினைப்பையை இயக்கும் ஹார்மோன் தூண்டல் தளர்ந்து, மாதவிலக்கே நின்றுபோவதுண்டு. ஆனால் மாதந்தோறும் ஒழுங்காக விலக்காகும் ஒரு பெண்ணிடம், உன் அலுவலகக் கவலைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல அத்தனை உறுதியான ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸ், மிச்சிகன் மாநிலங்களில் தம்பதியரைத் தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியான ஆய்வில், மன அழுத்தத்தின் அடையாளமாகக் கொள்ளப்படும் ஆல்ஃபா அமைலேஸ் என்னும் நொதி உமிழ்நீரில் மிகுந்திருந்த பெண்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு 29 சதவீதம் குறைவாக இருந்தது; மன அழுத்த ஹார்மோன் என்று பலரும் அறிந்த கார்ட்டிசாலுக்கோ அதே ஆய்வில் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. 14 ஆய்வுகளில் இடம்பெற்ற 3,583 பெண்களின் விவரங்களைத் தொகுத்து 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட ஆய்வோ, சிகிச்சைக்கு முன்பிருந்த மனக்கலக்கத்துக்கும் சோதனைக்குழாய் முறையில் கரு தங்குவதற்கும் தொடர்பு காணப்படவில்லை என்றே கூறியது.

குழந்தையின்மை மனத்தை வருத்துவதில் மட்டும் எவருக்கும் ஐயம் இருக்க முடியாது. திருமணமான சில மாதங்களிலேயே "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்கத் தொடங்கும் உறவினர்களும், வளைகாப்பில் ஒருத்தியை ஒதுக்கி உட்கார வைக்கும் வழக்கமும் நம் வீடுகளில் இன்னும் மறையவில்லை. இவ்வளவையும் செய்துவிட்டு, "கவலைப்படாதே, கவலைப்பட்டால் தங்காது" என்று அவளுக்கே புத்தி சொல்கிறோம்.

நான் பணியாற்றிய இடத்தில் அடிக்கடி கண்டது இது: மனைவியின் கோப்பில் தைராய்டு, புரோலாக்டின், ஸ்கேன், கருக்குழாய் அடைப்புப் பரிசோதனை என்று எல்லாம் இருக்கும், சில இரண்டு முறைகூடச் செய்யப்பட்டிருக்கும், கணவரின் பெயரில் ஒரு தாள்கூட இருக்காது. குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதித் தம்பதியரிடம் ஆணின் பங்கும் உண்டு. விந்துப் பரிசோதனைக்கு 2 முதல் 7 நாள் வரை உறவைத் தவிர்த்துவிட்டு ஒரு மாதிரி கொடுத்தால் போதும். ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. எண்ணிக்கை குறைவாக வந்தால் மறுபடி ஒருமுறை பார்ப்பார்கள், ஏனெனில் விந்தணுக்கள் உருவாக இரண்டரை மாதம் ஆகும் என்பதால் இடையில் வந்த ஒரு காய்ச்சல்கூட முடிவை மாற்றிவிடும். எங்கள் பக்கத்துத் திருக்கருகாவூர் அம்மன் சன்னதியில் மந்திரித்துத் தரும் நெய்யைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே 48 நாள் உண்கிறார்கள். கோயிலில் இருக்கும் இந்த நியாயம் ஆய்வகத்துக்கு வரும்போது எங்கே போகிறது என்று தெரியவில்லை.

மன அழுத்தம் உண்மையிலேயே குறுக்கிடும் வழிகள் வேறு. நாள் குறித்து உறவு கொள்ளவேண்டிய கட்டாயத்தில் ஆண்களில் சிலருக்கு அது இயலாமல் போகிறது; வெட்கத்தால் மருத்துவரிடம் சொல்லாமல் மாதங்களைக் கழிக்கிறார்கள். ஊசிகளும் தோல்விகளும் தந்த சோர்வில், வாய்ப்பு இருக்கும்போதே சிகிச்சையைப் பாதியில் கைவிடுவோரும் உண்டு. மனநல ஆலோசனையின் தேவை இங்கேதான் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டமும், சிகிச்சையின் விளைவுகளையும் வெற்றி வாய்ப்பையும் தம்பதியருக்கு விளக்கி ஆலோசனை வழங்கும் கடமையைச் சிகிச்சை மையங்களின் மீது சுமத்தியிருக்கிறது. அதைக் கேட்டுப் பெறலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால் மருத்துவரை அணுகவேண்டும், பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே செல்லவேண்டும், விலக்கு ஒழுங்கற்றிருந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை என்ற விவரங்களையும், முதல் வருகையிலேயே கணவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டிய அவசியத்தையும் மகளிர் பக்கத்தில் மட்டுமன்றி ஆண்கள் புரட்டும் பக்கங்களிலும் தாங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
கும்பகோணம்.